இந்திரனுக்கும் வருணனுக்கும் ஏன் கோயில் இல்லை?

கேள்வி இது: "ரிக் வேதத்தில் அதிகப் பாடல்கள் இந்திரனுக்குத்தான் என்கிறார்கள். வருணனை உலகத்துக்கே அரசன் என்கிறார்கள். இன்று ஊருக்கு ஊர் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. இவர்கள் இருவருக்கும் மட்டும் ஏன் இல்லை? யாராவது திட்டமிட்டு ஒதுக்கினார்களா?"

முதலில் ஒரு சின்னத் திருத்தம். வேத காலத்தில் எந்தத் தெய்வத்துக்கும் கோயில் இல்லை. ஒரு திறந்த வெளியை அளந்து, வேதி என்ற வேள்வி மேடை அமைத்து, தீ மூட்டி, தேவர்கள் வந்து உட்காரத் தர்ப்பையைப் பரப்புவார்கள். அவ்வளவுதான் சன்னிதி. வேள்வி முடிந்தால் இடம் மறுபடி வெறும் நிலம். ஆகவே இந்திரனை யாரும் ஒரு கோயிலிலிருந்து வெளியேற்றவில்லை. பிற்காலத்தில் தெய்வங்களுக்கு வீடு கட்டத் தொடங்கியபோது இவர்கள் பெயரில் யாரும் மனை வாங்கவில்லை, ஏன் என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கையைப் பார்த்தால் உங்கள் வியப்பு நியாயம்தான். ரிக் வேதத்தின் 1028 பாடல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்திரனுக்கு. விஷ்ணுவுக்குத் தனியாக ஐந்தாறு. ருத்திரனுக்கு மூன்று. இந்திரனும் வருணனும் இந்தியாவுக்கு வெளியேகூடச் சாட்சி சொல்லப் போயிருக்கிறார்கள். இன்றைய துருக்கியில் போகஸ்கோய் என்ற இடத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் அரசனும் மித்தானி அரசனும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அதற்குச் சாட்சியாக அழைக்கப்படும் தெய்வங்களின் நீண்ட பட்டியலில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர்கள் (அசுவினி தேவர்கள்) ஆகிய பெயர்கள் வருகின்றன. இரண்டு அரசர்கள் வாக்குத் தவறாமல் இருக்க இவர்களை நம்பினார்கள். அந்த அளவு செல்வாக்கு.

சரி, அந்த இந்திரன் எப்படிப்பட்டவன்? இன்று நமக்குத் தெரிந்த, அசுரன் வந்தால் சிவனிடம் ஓடுகிற இந்திரன் அல்ல. சோமம் என்ற வேள்விப் பானத்தை வயிறு முட்டக் குடிப்பவன். தேவர்களின் கைவினைஞன் துவஷ்டா செய்து கொடுத்த வச்சிரத்தால் விருத்திரன் என்ற பெரும் பாம்பை அடித்துப் பிளந்தவன். விருத்திரன் தண்ணீரை அடைத்து வைத்திருந்தான். அவன் விழுந்ததும் தண்ணீர், கன்றை நினைத்துக் கத்திக்கொண்டு ஓடும் பசுக்களைப் போல, கடலை நோக்கி ஓடியது என்கிறது ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தின், அதாவது முதல் பகுதியின், 32-ஆம் பாடல். மாடு மேய்த்து வாழ்ந்த மக்களின் உவமை. மழை, ஆறு, மாடு, போரில் வெற்றி இவை வேண்டுமென்றால் இந்திரனைத்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுகிறவர்களுக்கும் அவனுக்கும் இருந்த உறவு ரொம்ப நேரடியானது. நான்காம் மண்டலத்தில் ஒரு கவிஞர் கேட்கிறார்: என்னுடைய இந்த இந்திரனை 10 பசுக்களுக்கு யார் வாங்குகிறீர்கள்? எதிரிகளைக் கொன்ற பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது சிலையைக் குறிக்கிறதா, வேள்வி செய்யும் உரிமையைக் குறிக்கிறதா என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு புரோகிதரின் குறும்பும் கேட்கிறது. எப்படியானாலும், தெய்வத்தை வாடகைக்கு விடுவதாகப் பேசக்கூடிய உறவு அது. யஜுர் வேதத்தில் இதே மனநிலை வேள்வி மந்திரமாகவே வருகிறது: எனக்குக் கொடு, உனக்குக் கொடுக்கிறேன். பிற்காலப் பக்திக்குப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் கடைத்தெருப் பேச்சாகத் தோன்றும். அவர்களுக்கு இது கண்ணியமான ஒப்பந்தம்.

இந்திரனின் சரிவைப் புரிந்துகொள்ள, ஒரே ஒரு செயலைப் பின்தொடர்ந்து போனால் போதும் என்பது என் எண்ணம். அவனுடைய மிகப்பெரிய சாதனையான விருத்திர வதம்தான் அது.

மேலே சொன்ன அதே 32-ஆம் பாடல், வெற்றி முழக்கமெல்லாம் முடியப் போகும் நேரத்தில், திடீரென்று ஒரு கேள்வி கேட்கிறது. பாம்புக்காகப் பழிவாங்க வந்த யாரைக் கண்டாய், இந்திரா? கொன்ற உன் நெஞ்சில் ஏன் பயம் புகுந்தது? பயந்த பருந்தைப் போல 99 ஆறுகளைக் கடந்து ஓடினாயே? பாட்டு அதற்குப் பதில் சொல்வதில்லை. அடுத்த அடியில் மறுபடி புகழ்ச்சிக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த ஓட்டத்தைப் பிற்காலத்தவர் மறக்கவில்லை.

யஜுர் வேத நூலான தைத்திரீய சம்ஹிதை கதையை எடுத்துக்கொண்டு போகிறது. துவஷ்டாவின் மகன் விசுவரூபனுக்கு மூன்று தலை. ஒன்று சோமம் குடிக்கும், ஒன்று கள் குடிக்கும், ஒன்று சோறு தின்னும். அவன் தேவர்களின் புரோகிதன், ஆனால் அசுரர்களுக்கும் ரகசியமாக அவிர்ப்பாகம் கொடுக்கிறான். இந்திரன் மூன்று தலையையும் வெட்டிவிடுகிறான். கொன்றது புரோகிதனை, ஆகவே பிரம்மஹத்தி. அந்தப் பாவத்தை ஒரு வருஷம் கையில் ஏந்திக்கொண்டு திரிகிறான். பார்த்தவர்களெல்லாம் "பிராமணனைக் கொன்றவன்" என்று கத்துகிறார்கள். கடைசியில் பூமி, மரங்கள், பெண்கள் என்று மூன்று பேரிடம் ஒவ்வொரு பங்காகத் தள்ளிவிடுகிறான், ஆளுக்கொரு வரம் கொடுத்து. ரிக் வேதத்து வீரன் இங்கே பாவத்தைக் கைமாற்ற ஆள் தேடுகிறான்.

மகனை இழந்த துவஷ்டா இந்திரனைக் கொல்ல ஒருவனை வேள்வித் தீயில் உண்டாக்குகிறான். அவன்தான் விருத்திரன். "இந்த்ரசத்ருவே, வளர்!" என்று சொல்லி ஆகுதி கொடுக்கிறான். சமஸ்கிருத இலக்கண ஆசிரியர்கள் விடாமல் சொல்லும் கதை இது. துவஷ்டா நினைத்தது வேற்றுமைத் தொகை: இந்திரனைக் கொல்பவன். வாயிலிருந்து வந்த சுரமோ, அதாவது உச்சரிப்பின் ஏற்றமோ, முதல் அசையில் விழுந்துவிட்டது. உடனே அது நம் இலக்கணத்தில் சொல்கிற அன்மொழித்தொகை ஆகிவிட்டது: இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன். ஒரு சுரம் தப்பியதால் விருத்திரன் செத்தான். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெயித்தது இந்திரனின் கைபலம் அல்ல, உச்சரிப்பு. வேள்வியும் மந்திரமும்தான் சக்தி, தேவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கருத்து உள்ளே வந்துவிட்டது.

மகாபாரதத்தில் இந்திரன் விருத்திரனைக் கொன்றுவிட்டுப் பாவத்துக்கு அஞ்சித் தண்ணீரில் ஒரு தாமரைத் தண்டுக்குள் ஒளிந்துகொள்கிறான். சொர்க்கத்து நாற்காலி காலி. பூமியிலிருந்து நகுஷன் என்ற அரசனைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். அவன் இந்திராணியைக் கேட்கிறான், முனிவர்களைப் பல்லக்குத் தூக்க வைக்கிறான், அகத்தியரை உதைக்கிறான், பாம்பாகிக் கீழே விழுகிறான். நகுஷன் விழுந்ததைவிட முக்கியம், அவன் உட்கார முடிந்தது. இந்திரன் என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு பதவி என்று ஆகிவிட்டது. புராணங்கள் அதைக் கணக்காகவே போட்டுவிட்டன: கல்பம் என்ற பெரிய காலக்கணக்குக்குள் மன்வந்தரம் என்ற 14 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இந்திரன். இப்போது இருப்பவன் புரந்தரன். அடுத்து வரப்போகிறவன் நம் மகாபலி. நூறு அசுவமேதம் முடித்தால் கிடைக்கும் பதவி, அதனால்தான் எவன் தவம் செய்தாலும் இந்திரனுக்குத் தூக்கம் போகிறது. பதவிக்காலம் முடியப்போகும் ஒருவரிடம் போய் மோட்சம் கேட்பவர்கள் உண்டா?

இந்தக் கதை வந்து சேரும் இடம் மதுரை. திருவிளையாடற் புராணத்தின் முதல் படலமே இந்திரன் பழி தீர்த்த படலம்தான். விருத்திரனைக் கொன்ற பழியோடு அலைந்து வந்த இந்திரன் கடம்பவனத்தில் ஒரு சிவலிங்கத்தைக் காண்கிறான், பழி நீங்குகிறது, விமானம் அமைத்து வழிபடுகிறான். சொக்கநாதர் சன்னிதி விமானத்துக்கு இன்றும் இந்திர விமானம் என்றுதான் பெயர், அதைத் தாங்கும் யானைகளைப் பார்த்திருப்பீர்கள். ரிக் வேதத்தில் எந்தச் செயலுக்காக அவனைப் பாடினார்களோ, அதே செயல் இங்கே கழுவ வேண்டிய பாவம். சுசீந்திரத்திலும் அப்படித்தான், அங்கே அகலிகை விஷயம், இந்திரன் சுத்தமான ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வள்ளுவர்கூட ஐம்புலனை அடக்கியவன் வலிமைக்கு "இந்திரனே சாலுங் கரி", இந்திரனே போதுமான சாட்சி, என்கிறார். பரிமேலழகர் அதற்கு, ஐம்புலனை அடக்காமல் இந்திரன் பெற்ற சாபத்தை எடுத்துக் காட்டுகிறார். சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கென்றே ஒரு தேவராஜன்!

இதற்கிடையே சிந்தனையாளர்களும் தம் பங்கைச் செய்தார்கள். சந்தேகம் புதிதல்ல, இந்திரன் இல்லை, யார் அவனைப் பார்த்தார்கள் என்று நேமன் என்பவன் கேட்டதாக ரிக் வேதமே சொல்கிறது. பிருகதாரண்யக உபநிஷத்தில் சாகல்யர், தேவர்கள் எத்தனை பேர் என்று யாக்ஞவல்கியரைத் துளைத்துத் துளைத்துக் கேட்கிறார். 3306-இல் தொடங்கிய விடை 33, 6, 3, 2, ஒன்றரை என்று குறைந்து ஒன்றில் நிற்கிறது. கேன உபநிஷத்தில் யட்சம் என்ற ஒரு புதிரான உருவம் வைத்த புல்லை அக்னியால் எரிக்க முடியவில்லை, வாயுவால் அசைக்க முடியவில்லை. இந்திரன் கிட்டே போனதும் யட்சம் மறைந்துவிடுகிறது, உமை வந்து அது பிரம்மம் என்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சாந்தோக்கியத்தில் அவன் பிரஜாபதியிடம் 101 வருஷம் மாணவனாக இருக்கிறான். நல்ல மாணவன்தான், பாதியில் திருப்தியடைந்து போகிற அசுரன் விரோசனனைப் போல அல்ல. ஆனால் மாணவனுக்கு யார் கோயில் கட்டுவார்கள்?

எனக்குப் பிடித்த அடி மீமாம்சகர்களுடையது. வேதத்தைக் காப்பதற்கென்றே பிறந்த சாஸ்திரம் அது. அதன் உரைகாரர் சபரர், தேவதைக்கு உடம்பும் இல்லை, அது சாப்பிடுவதும் இல்லை என்கிறார். சாப்பிட்டால் படைத்தது குறைய வேண்டுமே? எதிர்வாதி விடவில்லை: தேனீயைப் போல சாரத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் படைத்த சோறு சப்பென்று ஆகிவிடுகிறது. சபரர் சொல்கிறார்: அது காற்றுப் பட்டு ஆறிப்போனதால். நைவேத்தியச் சோற்றைத் தின்று பார்த்தவர் எழுதிய பதில் என்று படிக்கும்போதே தெரிகிறது. வேள்விதான் பலன் தரும், தேவதையின் பெயர் அதில் ஓர் உறுப்பு என்று அவர்கள் முடித்துவிட்டார்கள். இந்திரனைக் கைவிட்டது நாத்திகர்கள் மட்டும் அல்ல.

அப்புறம் கோயில்கள் வந்த கதை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில், தட்சசீலத்திலிருந்து தூதனாக வந்த ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கன் விதிசாவுக்குப் பக்கத்தில் பெஸ்நகரில் ஒரு கருடத் தூண் நட்டான். "தேவதேவன்" என்று அதில் அவன் சொல்வது வாசுதேவனை. அந்தப் பட்டம் கைமாறிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பதஞ்சலி தம் இலக்கண உரையான மகாபாஷ்யத்தில் வழிபாட்டுக்குரிய உருவங்களாகப் பெயர் சொல்வது சிவன், ஸ்கந்தன், விசாகன். ஊர் ஊராக இருந்த நாகம், யட்சன், மரம், மலைத் தெய்வங்களெல்லாம் சிவனோடும் விஷ்ணுவோடும் சேர்ந்துகொண்டன. இந்திரனோடு சேரவில்லை. ஏன் என்பதற்கு என் விடை இது: இந்திரனின் கதை முழுசாகச் சொல்லி முடிக்கப்பட்டுவிட்டது. ஊர், பேர், ஆயுதம், எதிரி, குடிப்பழக்கம் வரை எல்லாம் தெரியும். விஷ்ணுவோ மூன்று அடி வைத்தான், மூன்றாவது அடி எங்கே விழுந்தது என்று பறவைக்குக்கூடத் தெரியாது. ருத்திரனை, எங்கள் குழந்தைகளைக் கொல்லாதே என்று தூர நின்று கும்பிட்டார்கள். இந்த இருவரிடமும் பிறகு வந்தவர்கள் நிரப்ப இடம் இருந்தது.

இந்திரனுக்குக் கோயில் இல்லாவிட்டாலும் விழா இருந்தது. ஒரு நெடிய கொடிமரத்தை நட்டு, நாட்கணக்கில் கொண்டாடி, பிறகு இறக்கிவிடுவார்கள். வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மரம் தேர்ந்தெடுப்பதிலிருந்து விவரிக்கிறார். காத்மாண்டுவில் இந்திர ஜாத்திரைக்கு இன்றும் மரம் நடுகிறார்கள். நம் புகாரில் அது 28 நாள் விழா. ஆனால் அது அரசனின் விழா. அரசன் நடத்தினால் நடக்கும். மணிமேகலையில் சோழன், மகனைப் பிரிந்த துயரத்தில் விழாவை மறக்கிறான், கடல் வந்து புகாரைக் கொண்டுபோகிறது. சிவன் கோயிலுக்கு நிலம் இருந்தது, விளக்கெரிக்க ஆடு இருந்தது, அரசன் மாறினாலும் அடுத்த வேளைப் பூசை நடந்தது. இந்திரனுக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கோவர்த்தன மலைக் கதையும் இதையேதான் சொல்கிறது: ஆயர்கள் இந்திரனுக்கு வைத்த படையலை மலைக்கும் மாட்டுக்கும் வையுங்கள் என்கிறான் கண்ணன்.

வருணன் விஷயம் வேறு. நியாயமாக அவன் பெரிய கடவுளாக வளர்ந்திருக்க வேண்டும். இந்திரனைப் போல அடிதடிக்காரன் அல்ல. ருதம் என்கிற உலக ஒழுங்கைக் காப்பவன், பாவத்தைப் பார்ப்பவன், பாசக்கயிற்றால் கட்டுபவன், மன்னிப்பவன். இரண்டு பேர் உட்கார்ந்து ரகசியம் பேசினால் மூன்றாவதாக வருண ராஜன் அங்கே இருக்கிறான், மனிதர்கள் கண் இமைப்பதைக்கூட எண்ணி வைத்திருக்கிறான் என்கிறது அதர்வ வேதம். வசிஷ்டர் அவனிடம் கேட்கிறார்: உன்னைப் பாடும் நண்பனையே கொல்ல நினைக்கிறாயே, அப்படி என்ன பெரிய குற்றம் செய்தேன்? தேவாரத்தில் வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும் குரல். தண்ணீர் நடுவே நின்றும் தாகம் வாட்டுகிறது என்று இன்னொரு பாடல் அழுகிறது. வருணன் தரும் நோய் மகோதரம், வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது.

அரிச்சந்திரனுக்கு வந்தது அந்த நோய்தான். ஐதரேய பிராமணம் என்ற வேத உரைநூலில் வரும் பழைய அரிச்சந்திரன் இவன், சுடுகாடு காத்தவன் அல்ல. பிள்ளை பிறந்தால் உனக்கே பலி தருகிறேன் என்று வருணனிடம் வேண்டிக்கொள்கிறான். ரோகிதன் பிறந்ததும், பத்து நாள் ஆகட்டும், பல் முளைக்கட்டும், பல் விழட்டும், கவசம் பூணட்டும் என்று தவணை சொல்கிறான். வருணன் ஒவ்வொரு முறையும் சரி என்கிறான். வளர்ந்த பையன் காட்டுக்கு ஓடிவிடுகிறான், அப்பன் வயிறு வீங்குகிறது. ரோகிதன் தனக்குப் பதிலாக ஒரு ஏழை முனிவரின் நடுப்பிள்ளை சுனச்சேபனை 100 பசுவுக்கு வாங்குகிறான். கம்பத்தில் கட்ட யாரும் முன்வரவில்லை. பெற்ற தகப்பனே இன்னொரு 100 பசுவுக்குக் கட்டுகிறான். வெட்ட ஆள் இல்லை; மேலும் 100-க்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறான். பையன் தேவர்களைப் பாடப் பாடக் கட்டு அவிழ்கிறது, அரசன் வயிறும் வற்றுகிறது. இந்தக் கதையில் வருணன் கடன் வசூலிக்க வந்தவனைப் போல இருக்கிறான். தகப்பன் மோசமா, தெய்வம் மோசமா என்று கேட்கவைத்த கதை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அப்புறம் கர்மக் கொள்கை வந்தது. என்னைப் பொறுத்தவரை வருணனின் வேலையைப் பறித்தது அதுதான். வினை தானே பலனைக் கொண்டுவந்து சேர்க்கும் என்றால், ஒற்றர்களை அனுப்பிக் குற்றம் கண்டுபிடிக்கும் நீதிபதி எதற்கு? செத்த பிறகு கணக்குப் பார்க்க யமன் இருக்கிறான், கயிறு அவன் கைக்கும் வந்துவிட்டது. அசுரன் என்ற பட்டமும், ஒரு காலத்தில் வருணனுக்குப் பெருமையாக இருந்தது, கெட்ட வார்த்தை ஆயிற்று. மிச்சம் இருந்தது தண்ணீர். தொல்காப்பியம் நெய்தலுக்குச் சொல்லும் "வருணன் மேய பெருமணல் உலகம்" அந்த மிச்சம்தான். எட்டுத் திசைக் காவலரில் மேற்கு அவனுக்கு. புவனேசுவரத்து ராஜராணி கோயில் சுவரில் கயிறும் கையுமாக நிற்கும் வருணன் அழகு, ஆனால் வெளிச்சுவர். மழை பொய்த்தால் கழுத்தளவுத் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் அர்ச்சகர்கள் உட்கார்ந்து வருண ஜபம் செய்வதைச் செய்தியில் பார்க்கிறோம். மழை பெய்ததும் செய்தியும் இல்லை, வருணனும் இல்லை.

ஒன்று மட்டும் தப்பித்திருக்கிறது. யஜுர் வேதக்காரர்கள் மாலைச் சந்தியாவந்தனத்தில், அவன் திசையான மேற்கைப் பார்த்து நின்று சொல்லும் மந்திரங்கள் வருணனுடையவை. மழை கேட்கும் மந்திரங்கள் அல்ல. நாங்கள் மனிதர்கள், நாள்தோறும் உன் விதியை மீறுகிறோம் என்கிறது ஒன்று. இன்னொன்று, சூதாட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் போல நாங்கள் தெரிந்து செய்த தப்பு, தெரியாமல் செய்த தப்பு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடு என்று கேட்கிறது. சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது, சீக்கிரம் முடித்துவிட்டு காபிக்குப் போக வேண்டும். என்றாலும், சூதாடியின் உவமையோடு, வருணன் பெயரைச் சொல்லியே, இன்று மாலையும் யாரோ ஒருவர் அதைச் சொல்லியிருப்பார்.